குண்டு விழும் ஊரில் உயிரைக் காத்தது எது? தைரியமா, ஏற்பாடா?

தாழை:
இரண்டாம் உலகப் போரில் நகரங்கள் மீது நடந்த குண்டுவீச்சைப் பற்றி இரண்டு வருடமாகக் கிடைத்ததையெல்லாம் படித்துவருகிறேன். போர்முனையில் நடந்ததை விட, வீட்டில் இருந்தவர்கள் அந்த இரவுகளை எப்படிக் கழித்தார்கள் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மனதில் உறுத்தும் ஒன்றை இங்கே வைக்கிறேன்.

லண்டன் என்றதும் எல்லோரும் சொல்வது, "அந்த ஊர்க்காரர்கள் அசரவே இல்லை" என்பது. 1940 செப்டம்பர் 7 தொடங்கி 1941 மே வரை ஜெர்மனியின் குண்டுவீச்சு. முதல் இரண்டு மாதம் ஏறக்குறைய ஒரு இரவுகூட ஓயவில்லை. பிரிட்டன் முழுக்க 40,000க்கு மேற்பட்ட பொதுமக்கள் இறந்தார்கள். ஆனால் போருக்கு முன்பு அரசு போட்டுவைத்திருந்த கணக்கு இதைவிடப் பயங்கரமானது. முதல் 60 நாளிலேயே 6 லட்சம் பேர் சாவார்கள் என்று நினைத்தார்கள். அட்டையில் செய்த சவப்பெட்டிகளைக்கூடச் சேர்த்துவைத்தார்கள். பயத்தில் மனம் பேதலித்தவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள் என்று மருத்துவமனைகளில் இடம் ஒதுக்கினார்கள். அந்தக் கூட்டம் வரவே இல்லை.

இதைத் தைரியம் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு அது போதவில்லை. ஜப்பான் குண்டு போட்டபோது சிதறி ஓடிய ரங்கூன், பினாங்கு மக்கள் கோழைகளா? லண்டன்காரருக்கு முன்கூட்டியே சைரன் ஊதியது. தெருவுக்குத் தெரு வார்டன், அதாவது வான் தாக்குதல் பாதுகாப்பைக் கவனிக்கும் காவலர், இருந்தார். வீட்டுத் தோட்டத்தில் குழி இருந்தது. சிங்கப்பூரில் 1941 டிசம்பர் 8 விடியற்காலை நாலு மணி வாக்கில் முதல் குண்டு விழுந்தபோது தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. குண்டு போட வந்தவனுக்கு ஊரே வழிகாட்டியது மாதிரி. அன்றைக்கு இறந்தவர்கள் 61 பேர்.

தைரியம் எல்லா ஊரிலும் ஒரே அளவுதான் இருந்திருக்கும். ஏற்பாடுதான் ஊருக்கு ஊர் மாறியது. நான் நினைப்பது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வெட்டிவேர்:
நல்ல கேள்வி தாழை. விளக்கைப் பற்றிச் சொன்னீர்கள், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பிரிட்டனில் இருட்டடிப்பு 1939 செப்டம்பர் 1 அன்றே வந்துவிட்டது. போர் அறிவிப்புக்கு இரண்டு நாள் முன்பு. ஜன்னல் இடுக்கில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தால்கூட வார்டன் வாசலில் நின்று சத்தம் போடுவார், அபராதமும் உண்டு. குண்டு விழ இன்னும் ஒரு வருடம் இருந்தது. ஆனால் இருட்டு அன்றைக்கே ஆட்களைக் கொல்லத் தொடங்கிவிட்டது. அந்த செப்டம்பரில் சாலை விபத்துச் சாவுகள் ஏறக்குறைய இரண்டு மடங்காயின. 1940 இல் சாலையில் மட்டும் 9,000 பேருக்கு மேல் செத்தார்கள். அப்புறம்தான் நடைபாதை ஓரங்களுக்கும் மரங்களுக்கும் வெள்ளை அடித்தார்கள். இருட்டில் நடக்கும் ஆண்கள் சட்டையின் பின்பக்கத்தை வெளியே விட்டுக்கொள்ளுங்கள், வெள்ளையாகத் தெரியும் என்று யோசனை சொன்னார்கள்.

ஏற்பாடு என்பது ஒரே நாளில் வந்து நின்றுவிடும் பொருள் இல்லை. அதுவும் முதலில் தப்புச் செய்து, ஆட்களைப் பலி வாங்கி, பிறகுதான் திருந்தியது. அந்த ஒரு வருட அவகாசம் ரங்கூனுக்குக் கிடைக்கவில்லை.

கடலாடி:
தாழை, நீங்கள் லண்டனுக்கு ரொம்பத் தாராளமாக மார்க் போடுகிறீர்கள் என்று எனக்குப் படுகிறது. தோட்டத்தில் குழி என்றீர்கள். தோட்டம் யாருக்கு இருந்தது?

ஆண்டர்சன் ஷெல்டர் என்று கொடுத்தார்கள். நெளித்தகரம் 14 தகடு. நாலடி ஆழம் குழி வெட்டி, தகடுகளை வளைத்துப் பொருத்தி, மேலே ஒன்றேகால் அடிக்கு மண் போட வேண்டும். ஆறரை அடி நீளம், நாலரை அடி அகலம், அதற்குள் ஆறு பேர். வருடத்துக்கு 250 பவுண்டுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவருக்கு இலவசம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முதலில் அடி வாங்கியது கிழக்கு லண்டன். கப்பல்துறைத் தொழிலாளிகள் ஒட்டுக் குடித்தனமாக வாழ்ந்த பகுதி. அவர்களுக்குக் கொல்லைப்புறமே கிடையாது. தகரத்தைக் கொடுத்தால் எங்கே புதைப்பது?

சுரங்க ரயில் நிலையங்களுக்குள் மக்கள் இறங்கக் கூடாது என்றுதான் அரசு முதலில் சொன்னது. ஒருமுறை உள்ளே போனால் மேலே வேலைக்கு வர மாட்டார்கள் என்று பயம். மக்கள் என்ன செய்தார்கள்? டிக்கெட் வாங்கிக்கொண்டு இறங்கினார்கள், மேலே வரவில்லை. அவ்வளவுதான். செப்டம்பர் கடைசியில் ஒரே இரவில் 1,77,000 பேர் அங்கே படுத்திருந்தார்கள். அரசு வழிக்கு வந்த பிறகுதான் கட்டில், கழிப்பறை, தேநீர் எல்லாம். அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் யார் என்று கேட்டால், பாயையும் போர்வையையும் சுருட்டிக்கொண்டு போய் வாசலில் நின்ற சனங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

தாழை:
ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. நான் "ஏற்பாடு" என்றதும் அரசு தந்தது என்று தொனித்துவிட்டது. அப்படி இல்லை.

1940 செப்டம்பர் 14 இரவு நடந்ததையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபில் பிராட்டின் என்ற கம்யூனிஸ்ட் தலைவர் கிழக்கு லண்டனிலிருந்து சில குடும்பங்களைக் குழந்தைகளோடு கூட்டிக்கொண்டு சவாய் ஹோட்டலுக்குப் போனார். பணக்காரர்களுக்கு அங்கே கட்டிலும் மெத்தையுமாக நிலவறை இருந்தது. சைரன் ஊதியது. சைரன் ஊதிய பிறகு ஆட்களை வெளியே தள்ளுவது யாருக்கும் சுலபமில்லை. உள்ளே போய் உட்கார்ந்து தேநீர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். அடுத்த நாள் ஊர் முழுக்க அதே பேச்சு. 1945 தேர்தலில் மக்கள் அவரை நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார்கள்.

இன்னொருவரையும் நினைக்க வேண்டும். ஜே. பி. எஸ். ஹால்டேன், பிற்காலத்தில் இந்தியாவுக்கே வந்து குடியேறி புவனேஸ்வரத்தில் இறந்த விஞ்ஞானி. ஸ்பெயினில் குண்டுவீச்சை நேரில் பார்த்துவிட்டு வந்து, ஆழமான பொது நிலவறைகள் கட்டுங்கள் என்று 1938 இலிருந்தே மன்றாடினார். அரசு கேட்கவில்லை. கேட்டிருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று நினைக்கும்போது வயிறு எரிகிறது.

மழைத்தூறல்:
இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், முதல்முறையாக எழுதுகிறேன். குழந்தைகளைப் பற்றி யாரும் பேசவில்லையே?

1939 செப்டம்பர் முதல் சில நாட்களில் பிரிட்டனின் நகரங்களிலிருந்து சுமார் 15 லட்சம் பேரைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு தாய்மார். பிள்ளையின் கோட்டில் பெயர்ச்சீட்டு, தோளில் வாயு முகமூடிப் பெட்டி, கையில் ஒரு சின்ன மூட்டை. எந்த ஊருக்குப் போகிறது என்று பெற்றவளுக்குத் தெரியாது. போய்ச் சேர்ந்த ஊரில் ஒரு கூடத்தில் வரிசையாக நிற்கவைப்பார்கள். ஊரார் வந்து பார்த்து, "இந்தப் பிள்ளையை நான் எடுத்துக்கொள்கிறேன்" என்று தேர்ந்தெடுத்துப் போவார்கள். கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை முதலில் போய்விடும். வேலை செய்யத் தோதான பெரிய பையன்களை விவசாயிகள் கேட்டு வாங்குவார்கள். அக்கா தம்பி இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள ஆள் கிடைக்காமல், எல்லோரும் போன பிறகு கூடத்தில் மிச்சமாக நின்ற பிள்ளைகளின் கதையைப் படித்துவிட்டு நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எனக்கு ஆறு வயதில் ஒரு பெண், மூன்று வயதில் ஒரு பையன்.

குண்டு விழாததால் 1940 ஜனவரிக்குள் ஏறக்குறைய பாதிப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் உண்மையான குண்டுவீச்சு. அந்தத் தாய்மாரை முட்டாள்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பிரிந்து இருக்க முடியவில்லை, கூட்டி வந்துவிட்டார்கள்.

இங்கே இருப்பவர்களைக் கேட்கிறேன். நீங்கள் அனுப்புவீர்களா?

வெட்டிவேர்:
மழைத்தூறல், வாங்க. நான் அனுப்புவேன். இரவெல்லாம் அழுவேன், ஆனாலும் அனுப்புவேன்.

கடலாடி:
நான் அனுப்ப மாட்டேன். செத்தாலும் எல்லோரும் ஒன்றாக. இது அறிவுக்குப் பொருந்தாது என்று தெரியும். கேட்டதால் உள்ளதைச் சொல்கிறேன்.

பங்கர்ப்பிள்ளை:
மழைத்தூறல் அக்கா, நீங்கள் கேட்டதற்கு எங்கள் வீட்டில் பதில் இருந்தது. அம்மா அனுப்பவில்லை. நான் பதுங்குகுழிக்குள் வளர்ந்த பிள்ளை. எந்த ஊர், எந்தப் போர் என்று இங்கே எழுத விருப்பமில்லை. படிப்பவர்களுக்கு விளங்கும்.

எங்கள் பங்கர் "எல்" எழுத்து மாதிரி வளைந்திருக்கும். நேராக வெட்டினால் வாசலில் குண்டு விழும்போது சிதறும் துண்டுகள் கடைசிவரை வந்துவிடும். வளைவு இருந்தால் சுவரில் குத்தி நின்றுவிடும். மேலே பனங்குற்றிகளை அடுக்கி, அதன் மேல் மண் மூட்டை. மழைக்காலத்தில் உள்ளே முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். தவளை இருக்கும், சில நேரம் பாம்பும். விமானச் சத்தம் கேட்டதும் முதலில் ஒரு தடியால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அப்பா எங்களை இறக்குவார். மேலே விமானம், கீழே பாம்பு. அந்த ஓரிரு நொடிகள் அப்பாவின் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது.

குப்புறப் படுக்க வேண்டும், நெஞ்சு தரையில் படக் கூடாது, வாயைத் திறந்து வைத்திருக்க வேண்டும், இரண்டு காதையும் பொத்த வேண்டும். இதையெல்லாம் அ, ஆ எழுதுவதற்கு முன்பே படித்துவிட்டோம். சத்தத்தை வைத்தே வேவு பார்க்க வருகிறதா, குண்டு போட வருகிறதா என்று சொல்லிவிடுவோம். பெரியவர்கள் எங்களைத்தான் கேட்பார்கள்.

தாழை அண்ணா, உங்கள் கேள்விக்கு என் பதில்: அந்த வளைவு. தைரியம் எங்களுக்கு இருந்ததா என்று தெரியாது. வளைவு இருந்தது.

தாழை:
தம்பி, இதை எழுதியதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்த இழையைத் தொடங்கியவன் என்ற முறையில் உங்களை வணங்குகிறேன்.

கூழாங்கல்:
ரங்கூன், பினாங்கு பற்றித் தொட்டுவிட்டு எல்லோரும் லண்டனுக்கே போய்விட்டீர்கள். தமிழர்கள் அதிகமாக அடிபட்டது அங்கேதான்.

பினாங்கில் 1941 டிசம்பர் 11 அன்று விமானங்கள் வந்தபோது சனங்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள். வேடிக்கை பார்ப்பது என்று சொல்வோமே, அதேதான். அவை வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. சுட்டு விரட்டப் பீரங்கியும் இல்லை, எதிர்க்க விமானமும் இல்லை. கூட்டம் நெரிந்த ஜார்ஜ் டவுன் தெருக்களில் குண்டு போட்டுவிட்டு, தாழப் பறந்து இயந்திரத் துப்பாக்கியாலும் சுட்டார்கள். தீயணைப்பு நிலையத்திலும் குண்டு விழுந்ததால் தீயை அணைக்க ஆளில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ஆறாத கோபம். சில நாள் கழித்து, 16ஆம் தேதி இரவு, வெள்ளைக்காரர்களை மட்டும் சத்தமில்லாமல் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். தமிழர், சீனர், மலாய்க்காரர் யாருக்கும் சொல்லவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் ஊரில் அரசாங்கமே இல்லை. கோட்டையில் பிரிட்டிஷ் கொடி மட்டும் பறக்கிறது. கொடி பறக்கும்வரை குண்டு விழும். "ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ" பத்திரிகையின் ஆசிரியர் மாணிக்கசோதி சரவணமுத்து, இலங்கைத் தமிழர், போய் அந்தக் கொடியை இறக்கினார். ஊர்ப் பெரியவர்களைச் சேர்த்துக் குழு அமைத்தார். ஊரில் படை இல்லை, இனிமேல் குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்கு வானொலி வழியாகத் தெரிவிக்கவும் ஏற்பாடானது.

ஒரு பத்திரிகைக்காரர் கயிற்றைப் பிடித்து ஒரு கொடியை இறக்கினார். அதற்குச் சிலை வைத்திருக்க வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

வெட்டிவேர்:
எனக்குத் தெரியாது கூழாங்கல். இன்றுதான் கேள்விப்படுகிறேன். ரங்கூனையும் எழுதுங்கள்.

கூழாங்கல்:
எழுதுகிறேன். 1941 டிசம்பர் 23. ரங்கூன் அப்போது பாதிக்கு மேல் இந்தியர் ஊர். தெலுங்கர், தமிழர், வங்காளிகள், ஒடியர். துறைமுகத்தில் மூட்டை தூக்குவது முதல் தெருக் கூட்டுவது வரை அவர்கள்தான். அங்கேயும் விமானங்களைப் பார்க்கத் தெருவில் நின்றவர்கள் மேல்தான் குண்டு விழுந்தது. அந்த ஒரே நாளில் ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். கிறிஸ்துமஸ் அன்று மறுபடியும் வந்தார்கள்.

துறைமுகக் கூலிகள் ஊரை விட்டு நடந்தே கிளம்பினார்கள். கப்பலில் சாமான் இறக்க ஆளில்லை. அப்போதுதான் அரசுக்கு அவர்கள் நினைவு வந்தது, திரும்பி வாருங்கள் என்று கூப்பிட்டார்கள். அதற்கு முன்பு அவர்களுக்குக் குழி வெட்டித்தர யாருக்கும் தோன்றவில்லை. அடுத்த சில மாதங்களில் பர்மாவிலிருந்து சுமார் 5 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள், மிகப் பெரும்பாலோர் காட்டுவழியாக நடந்து. மலேரியா, காலரா, பசி என்று வழியில் செத்தவர்கள் பல்லாயிரம். குண்டுவீச்சில் இறந்தவர்கள் கணக்கில் இவர்களைச் சேர்ப்பதில்லை. சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் அடி எடுத்து வைக்க வைத்தது அந்த டிசம்பர் 23தானே.

நெய்தல்நிலவன்:
எல்லாம் சரி. ஆனால் லண்டனுக்காக இவ்வளவு உருகுகிறோம். அதே பிரிட்டிஷ் விமானங்கள் ஹாம்பர்க்கில் செய்தது என்ன? 1943 ஜூலை 27 இரவு. பல வாரமாக மழையில்லாத கோடை. முந்தைய தாக்குதலின் தீயை அணைக்கத் தீயணைப்பு வண்டிகள் நகரின் மேற்கே போயிருந்தன. கிழக்கே ஹாமர்புரூக் பகுதியில் தீக்குண்டுகள் விழுந்து, தனித்தனித் தீயெல்லாம் ஒன்றாகி, காற்றை உறிஞ்சிப் புயலாகிவிட்டது. தார் உருகிய தெருவில் கால் ஒட்டிக்கொண்டு நின்றபடியே எரிந்தார்கள். அந்த ஒரு வாரத் தாக்குதலில் சுமார் 37,000 பேர்.

தாழை, உங்கள் வாதத்துக்கு இது பெரிய அடி. ஜெர்மனியில் ஏற்பாடு பிரமாதம். நிலவறை, வார்டன், சைரன் எல்லாம் உண்டு. சொன்னபடி கேட்டு நிலவறையில் உட்கார்ந்திருந்தவர்கள்தான் அன்று செத்தார்கள். மேலே எரிந்த தீ உள்ளே இருந்த பிராணவாயுவைக் குடித்துவிட்டு, கார்பன் மோனாக்சைடை நிரப்பியது. தூங்குகிற மாதிரியே உட்கார்ந்திருந்தார்கள். சட்டத்தை மீறி வெளியே ஓடியவர்களில் சிலர் பிழைத்தார்கள்.

கடலாடி:
ஹிட்லருக்கு ஓட்டுப் போட்டார்கள், வார்சாவில் குண்டு போட்டபோது கைதட்டினார்கள். திரும்பி வந்தபோது மட்டும் அழ வேண்டுமா?

மழைத்தூறல்:
கடலாடி அண்ணா, ஹாமர்புரூக்கில் இருந்த நாலு வயதுப் பிள்ளை யாருக்கு ஓட்டுப் போட்டது?

கடலாடி:
சரிம்மா. கோபத்தில் எழுதிவிட்டேன். திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த "பிரமாதமான ஏற்பாடு" எல்லோருக்கும் இல்லை. ஜெர்மன் நிலவறைகளில் யூதர்களை மற்றவர்களோடு இருக்க விடவில்லை. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து பிடித்து வந்து வேலை வாங்கிய அடிமைத் தொழிலாளிகளைப் பொது நிலவறைக்குள் சேர்க்கவே இல்லை, தொழிற்சாலைப் பக்கம் ஒரு பள்ளம்தான் அவர்களுக்கு. ஹாம்பர்க் எரிந்த பிறகு நிலவறைகளிலிருந்து பிணங்களை அள்ள யாரை அனுப்பினார்கள் தெரியுமா? நாயன்காமே என்ற நாஜி வதைமுகாமின் கைதிகளை. பினாங்கில் வெள்ளைக்காரருக்கு மட்டும் கப்பல். சவாயில் பணக்காரருக்கு மட்டும் மெத்தை. ஏற்பாடு எங்கே இருந்தாலும் அதன் வாசலில் ஒருவன் நின்றுகொண்டு, நீ வா, நீ போ என்று பிரித்துக்கொண்டிருந்தான். தாழை, உங்கள் கேள்வியை அங்கே கொண்டுபோய் நிறுத்துங்கள்.

தாழை:
கொண்டுபோய் நிறுத்துகிறேன். நெய்தல்நிலவன் சொன்ன அடியும் விழுந்துவிட்டது, மறைக்கவில்லை. அதோடு டோக்கியோவையும் நானே எழுதிவிடுகிறேன்.

ஜப்பானில் வான் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று. 1941 இல் அதைத் திருத்தி, குண்டு விழும் இடத்தை விட்டு ஓடுவதைத் தடுத்தார்கள், தீயை அணைப்பதை ஒவ்வொருவர் கடமையும் ஆக்கினார்கள். பக்கத்து வீடுகளைச் சேர்த்துக் குழு அமைத்து, வாளியில் தண்ணீரைக் கைமாற்றி ஊற்றப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். தீக்குண்டைக் கண்டு பயப்படத் தேவையில்லை என்று சொல்லியே வந்தார்கள். தலைக்குப் பஞ்சு வைத்துத் தைத்த முக்காடு. 1945 மார்ச் 9 நள்ளிரவு தாண்டி, அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் 300க்கு நெருக்கமாக வந்தன. சைரன் ஊதும் முன்பே குண்டு விழத் தொடங்கிவிட்டது. பலமான காற்று, மரவீடுகள், ஒட்டும் தீ. வாளியோடு வாசலில் நின்றவர்கள் பலர் நின்ற இடத்திலேயே போனார்கள். பஞ்சு முக்காடு பொறி பட்டதும் பற்றிக்கொண்டது. அந்த ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர்.

மழைத்தூறல், உங்களுக்காக இதைத் தவிர்க்கப் பார்த்தேன், முடியவில்லை. டோக்கியோவிலும் பள்ளிப் பிள்ளைகளை 1944 இலேயே கிராமங்களுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் பள்ளி முடிக்கும் விழாவுக்காக அந்த மார்ச் தொடக்கத்தில்தான் வீடு திரும்பியிருந்தார்கள்.

மழைத்தூறல்:
படித்தேன். கொஞ்சம் நேரம் கழித்து வருகிறேன்.

வெட்டிவேர்:
கொஞ்சம் மூச்சு விட அடுப்படிப் பக்கம் போகலாம். அங்கேயும் இதே கேள்வி இருக்கிறது.

பிரிட்டனில் ரேஷன் 1940 ஜனவரியில் வந்தது. முதலில் வெண்ணெய், சர்க்கரை, பன்றி இறைச்சி. ஜூலையில் தேயிலை, ஆளுக்கு வாரம் 57 கிராம். அரண்மனையானாலும் குடிசையானாலும் அதே அட்டை என்பது பேச்சு. பணம் இருப்பவர் ஹோட்டலில் தின்றார் என்பதும் உண்மை. ஆனாலும் கர்ப்பிணிக்கும் கைக்குழந்தைக்கும் பால், ஆரஞ்சுச் சாறு, மீன் எண்ணெய் என்று தனியாக ஒதுக்கியதில், போருக்கு முன்பு வயிறு நிறையாத வீடுகளில் பிள்ளைகள் முன்னைவிட நன்றாகச் சாப்பிட்டார்கள். போர்க்காலத்திலேயே பிரிட்டனில் சிசு மரணம் குறைந்தது. குண்டு விழும் நாட்டில்! அமைதிக் காலத்தில் ஏன் இதைச் செய்யவில்லை என்று அந்தத் தாய்மார் கேட்டிருப்பார்கள். 1945 தேர்தலில் அந்த மக்கள் தொழிற்கட்சிக்கு ஓட்டுப் போட்டதில் இதற்குப் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

ரேஷன் முழுதாக நீங்கியது 1954 ஜூலையில். ரேஷனில் பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிட்டது.

கடலாடி:
எனக்கு ஒரு கடன் பாக்கி. லண்டனைப் பற்றிக் குறைசொல்லித் தொடங்கினேன், அதை முடித்துவிடுகிறேன். பெத்னல் கிரீன்.

கிழக்கு லண்டனில் கட்டி முடிக்காத சுரங்க ரயில் நிலையம். ரயில் இன்னும் ஓடவில்லை, நிலவறையாக மட்டும் பயன்பட்டது. தெருவிலிருந்து இறங்க ஒரே வாசல். 19 படி. நடுவில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. இருட்டடிப்புக்காக ஒரே ஒரு மங்கிய பல்பு. நுழைவாயிலைச் சரிசெய்யப் பணம் வேண்டும் என்று உள்ளூர் மன்றம் 1941 இலேயே எழுதிக் கேட்டது. மறுத்துவிட்டார்கள்.

1943 மார்ச் 3 இரவு. இரண்டு நாள் முன்பு பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினில் குண்டு போட்டிருந்தன, பதிலடி வரும் என்று ஊருக்கே தெரியும். எட்டே கால் மணிக்குச் சைரன். பஸ்களிலிருந்து, சினிமாக் கொட்டகைகளிலிருந்து சனம் இறங்கி வாசலுக்கு வந்தது. மழை பெய்து படி ஈரம். பத்து நிமிடத்தில் பக்கத்துப் பூங்காவிலிருந்து சொந்தப் படையே புதுவகை ராக்கெட்டுகளைச் சுட்டது. அந்தச் சத்தத்தை அதுவரை யாரும் கேட்டதில்லை. குண்டுதான் என்று நினைத்துப் பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். அடிப்படி அருகே குழந்தையோடு ஒரு பெண் தடுக்கி விழுந்தாள். அவள் மேல் ஒருவர், அவர் மேல் ஒருவர். சில நிமிடங்களில் அந்தப் படிக்கட்டு ஆட்களால் அடைத்துக்கொண்டது. 173 பேர். அதில் 62 பேர் குழந்தைகள். அன்றிரவு அங்கே ஒரு குண்டும் விழவில்லை.

விசாரணை அறிக்கையை மூடிவைத்தார்கள், 1945 இல்தான் வெளியே விட்டார்கள். வெளியிட்டபோதும், கூட்டம் பயத்தில் நிதானம் இழந்ததுதான் காரணம் என்று செத்தவர்கள் மேலேயே பழி போட்டார்கள். தைரியம் இல்லாததால் செத்தார்களாம். தாழை, இழையின் தலைப்புக்கு என் பதில் இதுதான். தைரியம் என்ற வார்த்தையை யார், எப்போது, எதை மறைக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள்.

விபத்துக்குப் பிறகு என்ன செய்தார்கள் என்றால், படி நடுவில் கைப்பிடி வைத்தார்கள். படி விளிம்புக்கு வெள்ளை அடித்தார்கள். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

மழைத்தூறல்:
திரும்பி வந்து இதைப் படித்தேன். ஒரு கைப்பிடி.

பங்கர்ப்பிள்ளை தம்பி, உங்களிடம் ஒன்று கேட்கலாமா? உங்கள் பங்கருக்குள் இறங்கப் படி இருந்ததா? இருட்டில் எல்லோரும் எப்படி இறங்கினீர்கள்?

பங்கர்ப்பிள்ளை:
படி இருந்தது அக்கா. மண்ணை வெட்டி, மேலே பலகை வைத்து ஏழு படி. இரவில் விளக்குக் கொளுத்த முடியாது, எண்ணிக்கொண்டு இறங்குவோம். தம்பி பேசத் தொடங்கியபோது அவனுக்கு ஏழு வரைக்கும் எண்ணத் தெரியும், எட்டு தெரியாது.

அம்மம்மாவுக்கு முழங்கால் வலி. முதல் நாள் அவரைத் தூக்கித்தான் இறக்கினோம், அதில் நேரம் போய்விட்டது. அடுத்த நாள் காலையில் அப்பா வாசலில் ஒரு கட்டை நட்டு, உள்ளே வளைவு வரைக்கும் ஒரு கயிறு இழுத்துக் கட்டினார். கிணற்றுக் கயிறு. அதன் பிறகு மற்றவர்கள் ஓடி வருவதற்குள் அம்மம்மா உள்ளே இருப்பார். கயிறு அவர் கை பட்டுப் பட்டு ஒரு பக்கம் வழுவழுவென்று ஆகிவிட்டது.